அறிவுக்குப் பூட்டு எதற்கு?

மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மக்கள் கைக்கு வருவதில்லை. வழி காட்ட வேண்டியவை பல்கலைக்கழக நூலகங்கள்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக் கொள்வோம். அங்கே ஒரு விவசாயி. இரண்டு ஏக்கரில் மணிலாப் பயிர் போட்டிருக்கிறார். செடி நன்றாக வளர்ந்தது. பூ பூத்தது. மண்ணுக்குள் விழுது இறங்கியது. இனிக் கவலை இல்லை என்று அவர் நினைத்தார்.

அந்தச் சமயம் பார்த்து இலைகளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. புள்ளிகள் பெருகின. இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்தன. இலை போய்விட்டால் காய் எப்படிப் பருக்கும்? "டிக்கா" என்று சொல்லப்படும் இலைப்புள்ளி நோய் இது. மணிலா பயிரிடும் எல்லோருக்கும் தெரிந்த எதிரி.

அந்த விவசாயிக்கு ஒரு மகள். தனியார் கல்லூரி ஒன்றில் தாவர இயல் எம்.எஸ்.சி. படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"ஏம்மா, செடி கொடியைப் பற்றித்தானே நீ படிக்கிறாய்? இதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருக்கிறார்களா, பார்த்துச் சொல்லேன்" என்று தகப்பனார் கேட்டார்.

நியாயமான கேள்வி. மகள் செல்போனில் தேடினாள். ஒரு கட்டுரை கிடைத்தது. அவளுக்கு வேண்டியதே அதன் தலைப்பாக இருந்தது. ஆராய்ச்சி நடந்ததும் இந்திய மண்ணில்தான். பத்து வரிச் சுருக்கம் மட்டும் திரையில் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். "முழுக் கட்டுரையையும் படிக்கப் பணம் கட்டவும்" என்று எழுதியிருந்தது.

எவ்வளவு பணம்? இத்தகைய கட்டுரை ஒன்றுக்கு 30 டாலர், 40 டாலர் கேட்பது சாதாரணம். நம்முடைய பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்! பத்துப் பக்கக் கட்டுரைக்கு இந்த விலை. அதுவும், படித்துப் பார்த்த பிறகுதான் அது உதவுமா, உதவாதா என்பதே தெரியும்.

"பணம் கட்டினால்தான் படிக்க முடியுமாம், அப்பா" என்றாள் மகள்.

"படிக்கிறதற்குமா பணம்?" என்றார் அவர்.

அவர் கேட்டது சரிதானே?

யார் பணம்? யாருக்குப் போகிறது?

ஆராய்ச்சிக் கட்டுரை என்பது என்ன? ஒரு விஞ்ஞானி சோதனை செய்கிறார். என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், என்ன கண்டேன் என்று எழுதுகிறார். அதை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். அதே துறையில் தேர்ந்த வேறு சிலர் அதைப் படித்துக் குறை நிறை சொல்கிறார்கள். தேறினால் அச்சில் வருகிறது. இத்தகைய பத்திரிகைகள் 1665-ம் ஆண்டிலேயே பாரிசிலும் லண்டனிலும் தோன்றிவிட்டன. ஒருவர் கண்டதை மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம்.

சோதனை செய்த விஞ்ஞானிக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பெரும்பாலும் அரசாங்கம். சோதனைக்கூடம் கட்டியது யார்? அதுவும் பெரும்பாலும் அரசாங்கம். அரசாங்கத்தின் பணம் என்பது மக்கள் கொடுக்கும் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கொடுக்கிறான்.

கட்டுரை எழுதியவருக்குப் பத்திரிகை பணம் கொடுப்பதில்லை. சரிபார்த்துச் சொன்னவர்களுக்கும் பொதுவாகப் பணம் இல்லை. அவர்கள் அதைக் கடமையாகச் செய்கிறார்கள். அப்படியானால் அந்த 35 டாலர் எங்கே போகிறது? பத்திரிகையை நடத்தும் கம்பெனிக்குப் போகிறது.

கம்பெனிக்கும் செலவு உண்டு. திருத்த வேண்டும், அச்சுக் கோக்க வேண்டும், கம்ப்யூட்டரில் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு மக்கள் ஒரு முறை பணம் கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டப் பல்கலைக்கழகத்தின் மூலம் இரண்டாம் முறை கொடுத்தார்கள். அதே மக்களில் ஒருவர் படிக்க விரும்பினால் மூன்றாம் முறையும் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை உலகத்தின் பல பாகங்களில் கேட்டுவிட்டார்கள். 2002-ம் ஆண்டில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டின் பெயரால் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. நமது நாட்டிலும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-ம் ஆண்டில் இதைத் தன் கொள்கையாக ஏற்றது. மத்திய அரசின் விஞ்ஞானத் துறையும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2014-ல் ஏற்றன.

கொள்கை வந்துவிட்டது. ஆனால் பூட்டு முழுவதும் கழலவில்லை.

வழி காட்டிய சீர்காழிக்காரர்

இந்த இடத்தில் ஒருவரை நினைத்துப் பார்ப்பது அவசியம். சீர்காழியில் 1892-ம் ஆண்டு பிறந்தவர், பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவரானார்.

ஆரம்பத்தில் அவருக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. சில நாட்களிலேயே சலித்துப் போயிற்று. மீண்டும் கல்லூரிக்கே போகிறேன் என்றார். "முதலில் இங்கிலாந்து சென்று நூலக வேலையைப் படித்துவிட்டு வாருங்கள். பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் அவர் கண் திறந்தது. அங்கே நூலகங்கள் தொழிலாளி, பெண்கள், குழந்தைகள் எல்லோருக்கும் உதவுவதைப் பார்த்தார். திரும்பி வந்த ரங்கநாதன் புது மனிதராக இருந்தார். அலமாரிகளைத் திறந்து வைத்தார். வாசகர்கள் தாங்களே போய்ப் புத்தகங்களைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்றார். வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தேடிக் கொடுப்பதற்கென்றே ஆட்களை வைத்தார்.

1931-ல் அவர் எழுதிய நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது அவற்றின் அடிப்படை. வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. அந்த விதிகளை உலகம் முழுவதும் நூலகர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் சென்றது. நூலகத்துக்கு வர முடியாதவர்களைத் தேடி நூலகமே புறப்பட்டது!

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல் சட்டம். இன்றும் தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அந்த வரி பொது நூலகங்களுக்குப் போகிறது. அதாவது, படிப்பவர், படிக்காதவர் எல்லோரும் சேர்ந்து தாங்கும் நூலகங்கள் அவை.

இப்படிப்பட்ட பரம்பரை நம்முடையது. இந்த மண்ணில் ஒரு விவசாயியின் மகள் பூட்டின் முன்னே நிற்பது முறையா?

ஒரே சந்தா வந்தது; மீதி என்ன?

மத்திய அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரி சபை ஒரு பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. "ஒரே நாடு, ஒரே சந்தா" என்பது அதன் பெயர்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகச் சந்தா கட்டும். பணம் உள்ள இடத்தில் பத்திரிகைகள் குவியும். இல்லாத இடத்தில் அலமாரி காலி. இந்தத் திட்டத்தில் அரசாங்கமே நாட்டுக்கு மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 வெளியீட்டாளர்கள், ஏறக்குறைய 13,000 பத்திரிகைகள். 6,300-க்கு மேற்பட்ட அரசாங்கக் கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் பயன் பெறும் என்றும், மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களுமாக 1 கோடியே 80 லட்சம் பேருக்கு உதவும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இது வரவேற்க வேண்டிய காரியம். தொலைதூர ஊரில் உள்ள அரசாங்கக் கல்லூரி மாணவனும், பெரிய நகரத்து மாணவன் படிப்பதைப் படிக்கலாம் அல்லவா?

ஆனால் இரண்டு குறைகள் உண்டு. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது அது அரசாங்க நிலையங்களுக்கே வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் கடன் வாங்கித் தனியார் கல்லூரிகளில் படிக்கிறார்கள். நமது விவசாயியின் மகள் அவர்களில் ஒருத்தி. இது ஒரு குறை. எந்தக் கல்லூரியிலும் சேராத சாதாரண மனிதருக்கு இதில் இடம் இல்லை என்பது இன்னொரு குறை. வரி கொடுத்தது அவர்தான்!

தேடத் தெரிந்தால் பாதி வெற்றி

சரி, அந்தப் பெண் என்ன செய்யலாம்? வாசகர்களின் வீட்டிலும் இப்படி ஒரு மாணவனோ மாணவியோ இருக்கலாம். அவர்களுக்காகச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலாவது, பெயர். ஒரே பயிருக்கு நாம் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலா, மல்லாட்டை. ஆங்கிலத்திலும் அப்படியே. இந்தியாவில் "கிரவுண்ட்நட்" என்பார்கள். அமெரிக்காவில் "பீநட்" என்பார்கள். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் மற்றப் பெயரில் எழுதியவை தப்பிப் போகும். விஞ்ஞானிகள் வைத்த பெயர் "அராச்சிஸ் ஹைபோஜியா". மூன்றையும் போட்டுத் தேட வேண்டும். நோய்க்கும் இதே முறைதான். "டிக்கா" என்றும் தேட வேண்டும். "இலைப்புள்ளி" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டும் தேட வேண்டும்.

இரண்டாவது, விலாசம். கடிதம் போய்ச் சேர விலாசம் வேண்டும். கட்டுரைக்கும் அப்படித்தான். எழுதியவர் பெயர், தலைப்பு, பத்திரிகையின் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் ஆகிய ஆறையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தாளோடு போனால் நூலகர் நொடியில் தேடுவார். "ஏதோ ஒரு கடலைக் கட்டுரை" என்று கேட்டால் அவரால் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது, ஒரு கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தெந்தக் கட்டுரைகளைப் படித்து இதை எழுதினார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். ஒரு வீட்டின் முகவரி தெரிந்தால் தெருவே தெரிந்த மாதிரி.

கையில் வாங்கும் வழிகள்

விலாசம் கிடைத்துவிட்டது. இனிக் கட்டுரையை வாங்குவது எப்படி?

முதலில் தன் கல்லூரி நூலகத்தில் கேட்க வேண்டும். அங்கே இல்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை. ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் கடன் வாங்கலாம். பக்கத்து வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வாங்குவது போலத்தான்! இதற்காகவே டில்லியில் "டெல்நெட்" என்ற அமைப்பு 1988-ல் தொடங்கியது. அதில் சேர்ந்த நூலகங்கள் ஒன்றுக்கொன்று புத்தகமும் கட்டுரைப் பிரதியும் கொடுத்து உதவுகின்றன. கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரைக் கேட்கலாம்.

அடுத்தது, இலவசமாகக் கிடைக்கும் இடங்கள். பி.எச்.டி. பட்டத்துக்காக எழுதப்படும் ஆராய்ச்சி ஏடுகளை இணையத்தில் வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ம் ஆண்டில் விதி செய்தது. அப்படி வந்த லட்சக்கணக்கான ஏடுகள் "சோத்கங்கா" என்ற இணையதளத்தில் இருக்கின்றன. யாரும் படிக்கலாம்; பணம் வேண்டாம். வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் ஏடுகளுக்குக் "கிருஷிகோஷ்" என்ற தளம் இருக்கிறது. ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமான "இக்ரிசாட்" நிலக்கடலையை ஆராயும் இடம். அதன் கட்டுரைகளுக்கும் இலவசக் களஞ்சியம் உண்டு. மருத்துவக் கட்டுரைகளுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000-ம் ஆண்டில் தொடங்கிய "பப்மெட் சென்ட்ரல்" இருக்கிறது.

இன்னும் ஒரு வழி உண்டு. பலருக்கு அது தோன்றுவதே இல்லை. கட்டுரை எழுதியவருக்கே கடிதம் போடுவது! கட்டுரையின் முதல் பக்கத்தில் அவருடைய மின்னஞ்சல் விலாசம் இருக்கும். "ஐயா, இன்ன கல்லூரியில் படிக்கிறேன். தங்கள் கட்டுரை எனக்கு வேண்டும். ஒரு பிரதி அனுப்ப முடியுமா?" என்று நான்கு வரி போதும். விற்கும் பணத்தில் பங்கு இல்லாத அவருக்கு, தம் எழுத்தை ஒருவர் கேட்டுப் படிக்கிறாரே என்ற மகிழ்ச்சிதான் லாபம். பலர் சந்தோஷமாக அனுப்புகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அச்சில் வந்ததெல்லாம் உண்மை அல்ல. பணம் வாங்கிக்கொண்டு, சரிபார்க்காமலே எதையும் வெளியிடும் போலிப் பத்திரிகைகளும் இருக்கின்றன. ஒரே ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வயலில் மருந்து தெளிக்கக் கூடாது. வீட்டில் உள்ள நோயாளிக்கும் மருந்து மாற்றக் கூடாது. பயிருக்கு வேளாண்மை அதிகாரியையும், உடம்புக்கு டாக்டரையும் கேட்க வேண்டும். கட்டுரை படித்தவர் அவர்களிடம் நல்ல கேள்விகள் கேட்கலாம். அதுவே பெரிய பயன்.

கூச்சம் வேண்டாம்

இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் பலர் பயன்படுத்தவில்லை? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததும், கேட்பதற்குக் கூச்சப்படுவதும்தான் காரணம்.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அண்ணனோ மாமாவோ சொல்லித் தருவார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவளுக்கு யார் சொல்வார்கள்? பெரிய கட்டிடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம். "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பார்களோ என்று தயக்கம். வாசலோடு திரும்பிப் போகிறாள்.

தெரியாததைக் கேட்பது குற்றம் அல்ல. தெரியாதவர்களுக்கு உதவத்தான் நூலகர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கேட்க வருகிறவர் அவருக்குத் தொல்லை கொடுப்பவர் அல்ல. அவருக்கு வேலை கொடுப்பவர்.

என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் நான்கு காரியங்கள் செய்ய வேண்டும். எல்லாம் செய்யக் கூடியவையே.

தனியார் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளையும் "ஒரே சந்தா"வில் சேர்க்க வேண்டும். பிள்ளை எந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து படிக்கிறான் என்பதா முக்கியம்? எதைப் படிக்கிறான் என்பதே முக்கியம்.

ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் பொதுமக்களுக்கென்று ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் ஒதுக்க வேண்டும். நேரில் வந்து படிப்பவர்களை அனுமதிக்கலாம் என்று பல வெளியீட்டாளர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சலுகையை வீணாக்கக் கூடாது. அது இல்லாத ஒப்பந்தங்களில் கேட்டு வாங்க வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு மாணவனையும் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, தேடும் முறையைக் கற்றுத்தர வேண்டும். இரண்டு மணி நேரம் போதும். அது வாழ்நாள் முழுவதும் உதவும்.

தமிழ்நாட்டில் எழுதப்படும் ஒவ்வொரு ஆராய்ச்சி ஏட்டோடும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். என்ன ஆராய்ந்தோம், என்ன கண்டோம், யாருக்குப் பயன் என்று எளிய தமிழில் எழுதினால் போதும். மணிலாப் பயிரைப் பற்றி எழுதியவர், மணிலா பயிரிடுகிறவருக்கு ஒரு பக்கம்கூடக் கடன்படவில்லையா?

திண்டிவனத்திலேயே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான மணிலா ரகங்களுக்கு "டி.எம்.வி." என்று பெயர். அந்த எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. ஊர்ப் பெயரைத் தாங்கிய விதை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. விதையைப் பூட்டி வைத்திருந்தால் அது முளைத்திருக்குமா?

விதைக்குச் சொன்னது அறிவுக்கும் பொருந்தும். இன்று மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை. கிராமத்துப் பெண் நூலக வாசலுக்கே வந்து நிற்கிறாள். அவள் கையில் ஆறு விவரங்கள் எழுதிய தாள் இருக்கிறது. தகப்பனார் வயலில் காத்திருக்கிறார். அவளை உள்ளே அழைத்து, "என்ன வேண்டும், அம்மா?" என்று கேட்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.